பெயரில் எஞ்சிய மொழி
(‘பெந்திரீத்து’ என்னும் குடிப்பெயர் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு குடிப்பெயரின் வரலாற்றை உங்கள்முன் எடுத்துரைக்க வந்துள்ளேன். அது நம் நாட்டுப் பெயரன்று. பிரித்தன் தீவின் தென்மேற்கு மூலையில் தோன்றி, மிகச் சில குடும்பங்களுக்கே உரியதாய், ஆங்கிலேயருள்ளும் பலர் கேட்டறியாததாய் வழங்கிவரும் ‘பெந்திரீத்து’ என்னும் பெயர் அது. எங்கோ ஒரு மூலையிற் கிடக்கும் அயலார் பெயரை ஆராய்வதால் நமக்கு என்ன ஊதியம் என்று சிலர் எண்ணலாம். சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகின்றேன். அச் சிறு பெயருக்குள் ஒரு மொழியின் வாழ்வும் வீழ்வும் அடங்கியிருக்கின்றன. அப் பெயரைத் தாங்கிய மீன்காரக் கிழவி ஒருத்தியோடு அம்மொழி கல்லறைக்குட் சென்றது என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்படுகின்றது. மொழி போன பின்னும் பெயர் நின்றது. ஆனால் அப் பெயருக்குப் பொருள் சொல்ல வாய் இல்லாமற் போயிற்று. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதே என் பேச்சின் பொருள்.

முதற்கண், ஆங்கில நாட்டுக் குடிப்பெயர்கள் அமைந்த முறையைச் சுருக்கமாகக் காண்போம். அவற்றைப் பெரும்பாலும் நான்கு வகையாகப் பகுப்பர். தொழிலாற் பெற்ற பெயர் ஒருவகை. ‘சுமித்து’ என்றால் கொல்லன். தந்தை பெயராற் பெற்றது மற்றொருவகை. ‘சான்சன்’ என்றால் சான் என்பவனின் மகன். உருவத்தாலும் இயல்பாலும் பெற்றது மூன்றாவது; ‘லாங்கு’ என்றால் நெடியோன். நிலத்தாலும் ஊராலும் பெற்றது நான்காவது. ‘புரூக்கு’ என்றால் ஓடை. ஓடைக்கரையில் வாழ்ந்தவனின் வழிவந்தோர் அப் பெயர் பெற்றனர். இவற்றைச் சிறிது எண்ணிப் பார்த்தால் எந்த ஆங்கிலேயனுக்கும் பொருள் விளங்கிவிடும். ‘பெந்திரீத்து’ அவ்வாறு விளங்காது. ஆங்கில அகரமுதலியில் எத்துணைத் தேடினும் அதன் முன்பாதியும் அப் பொருளில் கிடையாது, பின்பாதியும் கிடையாது. கரணியம் வெளிப்படை. அஃது ஆங்கில நாட்டில் வழங்கும் பெயரேயன்றி, ஆங்கிலச் சொல்லாற் பிறந்த பெயர் அன்று.

பின் அஃது எம்மொழிச் சொல்? தீவின் தென்மேற்கே கடலுள் நீண்டு கிடக்கும் நிலமுனைக்குக் ‘கார்னுவால்’ என்று பெயர். அம் மண்ணின் பழங்குடிகள் தம் நாட்டைக் ‘கெர்னோ’ என்றும், தம் மொழியைக் ‘கெர்னெவெக்கு’ என்றும் வழங்கினர். அதனை நாம் கார்னிய மொழி எனக் கொள்வோம். அம்மொழியில் ‘பென்’ என்பது தலை, முனை, முடிவு எனப் பொருள்படும். ‘திரெத்து’ என்பது கடற்கரை, மணற்கரை எனப் பொருள்படும். இரண்டும் சேர்ந்து ‘பெந்திரெத்து’ ஆயிற்று. ஆங்கில எழுத்தர் கையில் அது ‘பெந்திரீத்து’ எனத் திரிந்தது. நம் மொழியில் அடைமொழி முன்னும் தலைமைச்சொல் பின்னும் நிற்கும். கார்னியத்தில் தலைமைச்சொல்லே முன் நிற்கும். ஆதலால், அவர்கள் ‘தலை-கரை’ என்று அடுக்கியதை நாம் ‘கரைத்தலை’ என்று சொல்ல வேண்டும். கடற்கரையின் தலைமாட்டில், மணற்பரப்பு முடியும் இடத்தில் குடியிருந்தோர் என்பதே அக் குடிப்பெயரின் பொருள். கார்னுவாலின் தென்கரையில் இப் பெயர் இன்றும் இடப்பெயராக வழங்குகின்றது.

இப் பொருள் வெறும் உன்னிப்பு அன்று. உறவுமொழிகள் அதற்குச் சான்று நிற்கின்றன. கார்னியத்தின் உடன்பிறந்த மொழிகள் இரண்டு. ஒன்று வேல்சு நாட்டு மொழி. மற்றொன்று பிரெஞ்சு நாட்டின் வடமேற்கு முனையில் வழங்கும் பிரெத்தோனியம். வேல்சு மொழியிலும் ‘பென்’ என்றால் தலை. ‘திராயித்து’ என்றால் கடற்கரை. வேல்சின் வடமேற்கே உள்ள ஆங்கில்சே என்னும் தீவில் ‘பெந்திராயித்து’ என்றே ஓர் ஊர் இருக்கின்றது. கடல் இடையிட்ட இரு நாடுகளில் ஒரே சொல், ஒரே புணர்ப்பு, ஒரே பொருள்!

இவ்வினத்தின் மற்றொரு கிளையாகிய அயர்லாந்து மொழியில் தலைக்குக் ‘கியான்’ என்று பெயர். ஒரு கிளையில் பகர முதலாக வருவது மறு கிளையில் ககர முதலாக வரும். கார்னியத்தில் நான்கு ‘பெசுவர்’, ஐந்து ‘பிம்பு’. அயர்லாந்து மொழியிலோ நான்கும் ஐந்தும் ககரத்தைத் தலையாகக் கொண்டே தொடங்கும். இங்ஙனம் ஒழுங்கு பிறழாது வரும் ஒலிவேறுபாடே உறவுக்குச் சான்று. ஒரு மீனவக் குடும்பத்தின் பெயருக்குள் இத்துணை மொழிவரலாறு பொதிந்து கிடக்கின்றது.

இனி, அம்மொழியினர் எவ்வாறு அம் மூலைக்குள் ஒடுங்கினர் என்பதைக் காண்போம். ஆங்கிலரும் சாக்சானியரும் கடல்கடந்து வந்து குடியேறுமுன், தீவின் பெரும்பகுதியில் இவ்வினத்து மொழியே வழங்கிற்று. கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் வந்தேறியோர் பெருகினர். மண்ணின் மக்கள் மேற்கே தள்ளப்பட்டனர், அல்லது வந்தவரோடு கலந்து தம் மொழியை இழந்தனர். வந்தவர் இம்மக்களுக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘வெயாலசு’ என்பது, அதன் பொருள் ‘அயலார்’! ‘வேல்சு’ என்னும் நாட்டுப்பெயர் அதிலிருந்து வந்ததே. ‘கார்னுவால்’ என்பதில் உள்ள ‘வால்’ என்னும் ஈறும் அதுவே. நேற்று வந்தவன் தொன்றுதொட்டு இருந்தவனை அயலான் என்றான். அப் பெயரே நிலைத்தது. 10ஆம் நூற்றாண்டில் ஏதல்சுட்டன் என்னும் ஆங்கில அரசன் தாமர் ஆற்றை எல்லையாக வகுத்தான் என்பர். அவ் ஆற்றுக்கு மேற்கே உள்ள சிறுநிலமே கார்னியர்க்கு எஞ்சியது.

நம் பள்ளி வரலாற்று நூல்களில் ‘காரன்வாலிசு’ என்னும் பெயரைப் படித்திருப்பீர்கள். 1786 முதல் 1793 வரை இந்தியாவில் ஆங்கிலக் குழும்பின் தலைமை ஆளுநராய் இருந்தவர். அவர் குடிப்பெயரின் பொருள் ‘கார்னுவால்காரன்’ என்பதே. எனினும், கார்னுவாலுக்குள் இருப்பவனை யாரும் கார்னுவால்காரன் என்று அழையார். வெளியே சென்றவனையே அங்குள்ளோர் அவ்வாறு அழைப்பர். ஆதலால் ‘காரன்வாலிசு’ என்பது பிறர் இட்ட பெயர். ‘பெந்திரீத்து’ என்பதோ, அம் மண்ணில், அம் மக்கள் வாயில், அம் மொழியிலேயே முளைத்த பெயர். இவ் வேறுபாட்டை உளங்கொள்ள வேண்டும்.

இடப்பெயர் குடிப்பெயர் ஆனதை நேரிற் கண்டு எழுதி வைத்தவர் ஒருவர் உளர். கார்னுவாலைப் பற்றி இரிச்சர்டு கெரூ என்பவர் எழுதிய நூல் 1602ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நாட்டு எளிய மக்கள் தம் பெயர், தந்தை பெயர், குடியிருக்கும் இடத்தின் பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்து அழைத்துக் கொண்டனர் என்று அவர் குறிக்கின்றார். குடிபெயர்ந்து வேறிடம் சென்றவர்க்குப் பெயரின் ஈறும் மாறிவிடுவது உண்டாம்! ஆகவே அம் மக்களிடையே பெயர் என்பது முதலில் நிலத்தின் முகவரி. பின்னரே அது தலைமுறை தலைமுறையாய் வழிவரும் குடிப்பெயராய் இறுகிற்று. ‘திரே’, ‘பொல்’, ‘பென்’ என்னும் மூன்று சொற்களுள் ஒன்றால் தொடங்கும் பெயரைக் கொண்டு கார்னியனை இனங்காணலாம் என்று அந்நாட்டில் ஒரு பழமொழியும் உண்டு. ‘திரே’ என்பது மனையும் குடியிருப்பும். ‘பொல்’ என்பது குளம். ‘பென்’ என்பது நாம் முன்னர்க் கண்ட தலை.

இவ்வகைப் பெயர்கள் சிலவற்றை நீங்களும் கேட்டிருக்கக் கூடும். தண்டவாளத்தில் ஓடும் நீராவிப் பொறியை 1804இல் ஓட்டிக் காட்டிய திரெவித்திக்கு பிறந்தது கார்னுவாலில். 2020ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரான பென்ரோசு என்பாரின் குடிப்பெயரும் கார்னியப் பெயரே. முன்னே நிற்பது அதே ‘பென்’. ‘ஆங்கோவு’ என்று ஒரு குடிப்பெயர் உண்டு. ‘ஆன்’ என்பது சுட்டு. ‘கோவு’ என்பது கொல்லன். ஆங்கிலத்தில் ‘சுமித்து’ எதுவோ, கார்னியத்தில் அதுவே ‘ஆங்கோவு’. ‘சுமித்து’ என்பது ஆங்கில நாட்டில் எங்கும் நிறைந்த பெயர்; ‘ஆங்கோவு’ அருகிய பெயர். தொழில் ஒன்றே, மொழியின் வலிமை வேறு!

‘ஆன் கோவு’ என்று சிறப்புப் பெயர் பெற்ற மைக்கேல் என்னும் கொல்லன் ஒருவன் கார்னியர் வரலாற்றில் நிலைத்து நிற்கின்றான். 1497ஆம் ஆண்டு, காத்துலாந்துப் போருக்கென ஏழாம் என்றி அரசன் விதித்த வரியை எதிர்த்து அவனும் தாமசு பிளாமாங்கு என்னும் சட்டவறிஞரும் மக்களைத் திரட்டி இலண்டன் வரை நடத்திச் சென்றனர். 1497 சூன் 17ஆம் நாள் இலண்டனுக்கு அருகில் அரசப்படை அவர்களை முறியடித்தது. பத்தே நாளில் தலைவர் இருவரும் கொல்லப்பட்டனர். தன் பெயர் என்றும் அழியாது நிற்கும் என்று சாவை எதிர்நோக்கிய அக் கொல்லன் கூறினான் என்பர். அவன் சொன்னது பொய்க்கவில்லை. பெயர் அழியவில்லை, அப் பெயர் எம்மொழியில் அமைந்ததோ அம்மொழிதான் அழிந்தது.

அம்மொழிக்குப் பெருந்தாக்கு நேர்ந்தது அடுத்த நூற்றாண்டில். பென்ரின் என்னும் ஊரில் 1265இல் நிறுவப்பட்ட கிளாசினிக் கல்லூரி கார்னுவாலின் கல்விக்கும் சமயத்துக்கும் நடுவிடமாய் விளங்கிற்று. மக்கள் திறந்தவெளியில் கூடிக் காணும் சமய நாடகங்கள் கார்னிய மொழியில் எழுதப்பெற்ற காலம் அது. அக் கல்லூரி 1548இல் கலைக்கப்பட்டது. மறு ஆண்டே, 1549இல், நாடெங்கும் உள்ள கோயில்களில் ஆங்கில வழிபாட்டு நூலையே ஓதவேண்டும் என்று சட்டம் வந்தது. கார்னியரும் அண்டை மாவட்டத்தாரும் கிளர்ந்தெழுந்தனர். எம்முள் சிலர்க்கு ஆங்கிலமே தெரியாது. இப் புதிய ஆங்கில வழிபாட்டை ஏலோம் என்று கார்னியர் எழுதி விடுத்தனர். எக்சிட்டர் நகரை ஒரு திங்களுக்கு மேல் முற்றுகையிட்டனர். அரசப்படை அவர்களை ஆயிரக்கணக்கிற் கொன்று குவித்தது.

அன்பர்களே! இவ்விடத்தில் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். ஆங்கிலத்தை எதிர்த்துக் குருதி சிந்திய அம் மக்கள் அதற்கு ஈடாக எம்மொழியைக் கேட்டனர்? தம் தாய்மொழியையா? இல்லை. பழைய இலத்தீன் வழிபாட்டையே மீண்டும் கேட்டனர். அவர்க்கு விடையெழுதிய தலைமைக் குரவர் கிரான்மர், உங்களுள் ஆங்கிலம் அறிந்தார் மிகுதியா, இலத்தீன் அறிந்தார் மிகுதியா என்று மடக்கி வினவினார். ஓர் அயன்மொழியை விலக்க மற்றோர் அயன்மொழியைத் துணைக்கு அழைத்தனர். வீட்டு மொழி வாயிலிலேயே நின்றுவிட்டது. வீரம் குறையவில்லை. உயிரீகம் குறையவில்லை. கேட்டது குறைந்தது.

இதற்கு மாறாக வேல்சு நாட்டைப் பாருங்கள். அங்கும் ஆங்கில ஆட்சியே. ஆயினும், விவிலியத்தையும் வழிபாட்டு நூலையும் வேல்சு மொழியில் பெயர்க்க வேண்டும் என்று 1563இல் சட்டம் செய்யப்பெற்றது. 1567இல் வழிபாட்டு நூலும் புதிய ஏற்பாடும் வெளிவந்தன. 1588இல் வில்லியம் மார்கன் என்பார் முழு விவிலியத்தையும் பெயர்த்து வெளியிட்டார். கிழமைதோறும் கோயிலில் தன் மொழியைக் கேட்டவன், அம்மொழியால் எழுதப் படிக்கவும் கற்றான். கார்னியத்தில் அத்தகைய நூல் ஒன்றுகூட அச்சேறவில்லை. இரண்டும் உடன்பிறந்த மொழிகள். ஒன்று இன்றும் பல நூறாயிரம் மக்கள் நாவில் வாழ்கின்றது. மற்றொன்று கல்லறைக்குச் சென்றது. வழிபாடு ஒன்று மட்டுமே கரணியம் என்று கூறமாட்டேன். மக்கட்டொகைச் சிறுமையும் வணிகமும் ஆட்சியும் சேர்ந்தே அழித்தன. எனினும் நூல் ஏறிய மொழிக்கும் நூல் ஏறாத மொழிக்கும் உள்ள வேறுபாடு கண்கூடு.

அதன்பின் கார்னியம் ஆண்டுக்கு ஆண்டு மேற்கே மேற்கே ஒடுங்கிற்று. வேல்சு நாட்டு மொழியறிஞர் எட்வர்டு லூயிடு 1700ஆம் ஆண்டளவில் அங்கு நேரிற் சென்று, மேற்குக் கோடியில் உள்ள சில ஊர்களில் மட்டுமே அம்மொழி வழங்கக் கண்டார்; தாம் கேட்டவற்றை 1707இல் நூலாக வெளியிட்டார். அவ்வட்டாரத்தவரான நிக்கலசு போசன் என்பார் தம் இளமையைப் பற்றி எழுதியுள்ள ஒரு செய்தி நெஞ்சைச் சுடுவது. வீட்டு வேலையாட்களும் அண்டை அயலாரும் தம்மிடம் ஆங்கிலம் அன்றிக் கார்னியம் பேசலாகாது என்று அவர் தாயே தடுத்து வைத்திருந்தாராம்! பின்னாளில் மீன்பிடித் தொழிலில் இறங்கிய பிறகே அவர் அம்மொழியைக் கற்றுக்கொண்டார். சட்டம் போட்ட அரசனும் வாளேந்திய படைத்தலைவனும் செய்ய முடியாத வேலையை வீட்டுக்குள் இருந்த தாயன்பு செய்து முடித்தது. பிள்ளை முன்னேற வேண்டும் என்னும் நல்லெண்ணத்தாலேயே மொழியின் வேர் அறுந்தது.

இனி நம் பெந்திரீத்துக் குடும்பத்திற்கு வருவோம். மேற்குக் கோடியில் பால் என்னும் கோயில்வட்டத்தில் ‘மவுசல்’ என்று ஒரு மீனவர் ஊர் உண்டு. ஆங்கில எழுத்தின்படி அதன் பொருள் எலிவளை! அவ்வூரின் கார்னியப் பெயரோ ‘போர்த்தெனிசு’. தீவுத்துறை என்பது அதன் பொருள். ஊர்ப்பெயரை ஆங்கிலம் விழுங்கிவிட்டது. குடிப்பெயர் மட்டும் விழுங்கப்படாமல் நின்றது. அவ்வூரில், மீன்பிடிக் குடியில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவளே தோரதி பெந்திரீத்து. ஊரார் அவளைத் ‘தோலி’ என்று சுருக்கி அழைத்தனர். தலையிற் கூடை சுமந்து மீன் விற்றுப் பிழைத்தவள் அவள். இருபது அகவை கடக்கும்வரை தனக்கு ஆங்கிலம் பேசவே தெரியாது என்று அவளே கூறியிருக்கின்றாள்.

1768ஆம் ஆண்டு தெயின்சு பாரிங்டன் என்னும் சட்டவறிஞர், கார்னியம் பேசுவோர் எவரேனும் எஞ்சியுள்ளனரா என்று தேடிக்கொண்டு அவ்வூருக்கு வந்தார். தோரதியின் வீட்டை அவருக்குக் காட்டினர். இம்மொழி பேசுவார் ஒருவரும் இல்லை என்று பந்தயம் கட்டியிருப்பதாக அவர் சொன்னதுதான் தாமதம், கிழவிக்குச் சினம் பொங்கிற்று. இரண்டு மூன்று மணித்துளிகள் உரத்த குரலில் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவ்வொலி வேல்சு மொழி போன்றிருந்தது என்று பாரிங்டன் எழுதியுள்ளார். எதிர்வீட்டுப் பெண்கள் இருவர் சிரித்துக்கொண்டு நின்றனர். இவள் என்னை ஏசுகின்றாளா என்று அவர் வினவ, ஆம், நன்றாகவே ஏசுகின்றாள், கார்னியம் தெரியாதவள் என்று தன்னை எண்ணிவிட்டீர்கள் என்பதால் ஏசுகின்றாள் என்றனர். நீங்களும் பேசுவீர்களா என்றதற்கு, எளிதாகப் பேச வராது, கேட்டால் விளங்கும் என்றனர். தோரதிக்கு அவர்கள் பத்துப் பன்னிரண்டு அகவையே இளையவர்கள்.

பெருமக்களே! ஒரு மொழி சாகும் முறை முழுவதும் அத் தெருவிலேயே தெரிகின்றது. ஒருத்தி பேசுகின்றாள், பத்தாண்டு இளையவர்க்குக் கேட்டால் விளங்குகின்றது, பேச வரவில்லை, அவர்தம் பிள்ளைகட்குக் கேட்டாலும் விளங்காது. மூன்றே படி. அதற்குமேல் இறங்கப் படியில்லை.

1776இல் அதே ஊரைச் சேர்ந்த வில்லியம் பொடினார் என்னும் மீனவர் பாரிங்டனுக்குக் கார்னியத்திலும் ஆங்கிலத்திலுமாக ஒரு மடல் எழுதினார். சிறுவனாய் முதியவர்களுடன் கடலுக்குச் சென்றபோது அம்மொழியைக் கற்றதாகவும், படகில் ஒரு கிழமை முழுதும் ஓர் ஆங்கிலச் சொல்கூடக் கேட்டதில்லை என்றும், இப்போது ஊரில் நான்கைந்து கிழவர்க்கு மேல் பேசுவார் இலர் என்றும், இளையோர் முற்றும் மறந்துவிட்டனர் என்றும் அதில் குறித்தார். மறு ஆண்டு, 1777 திசம்பரில், தோரதி இறந்தாள். பொடினார் 1789இல் இறந்தார். ஆதலால் கார்னியம் அறிந்த இறுதி ஆள் தோரதியே என்று அறுதியிட்டுச் சொல்வது பொருந்தாது. ஆனால், பிள்ளைப் பருவம் முழுதும் அதையே பேசி வளர்ந்தவருள் நாம் பெயர் சொல்லி அறியக்கூடிய இறுதியானவள் அவள் எனலாம். தன் குடிப்பெயரைச் சொல்லும்போதெல்லாம் ‘கரைத்தலை’ என்னும் பொருளும் உடன் தோன்றத் தாங்கியவள் அவள். அவளுக்குப் பின் அப் பெயரைத் தாங்கியோர்க்கு அது வெற்றொலி ஆயிற்று.

வாழ்ந்த நாளில் அவளை ஊரார் எவ்வாறு போற்றினர்? வறுமையில் வாடினாள். ஊர்ப் பொதுப்பணத்திலும், குறிசொல்லியும், வந்தவர்க்குக் கார்னியம் பேசிக் காட்டியும் வயிறு கழுவினாள். ஒரு நாட்டின் மொழி வேடிக்கைப் பொருளாகிவிட்டது. இறந்து எண்பத்து மூன்று ஆண்டு கழித்து, 1860இல், பால் ஊர்க் கோயிற் சுவரில் அவளுக்கு ஒரு நினைவுக்கல் நாட்டப்பெற்றது. நாட்டியவர், அவ்வூர்க் குரவருடன் சேர்ந்து, பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியனின் தம்பி மகனும் மொழியறிஞருமான உலூயி உலூசியன் போனபார்த்து. தந்தையையும் தாயையும் போற்றுமாறு பணிக்கும் விவிலியக் கட்டளை அக் கல்லில் ஆங்கிலத்திலும் கார்னியத்திலும் பொறிக்கப்பெற்றுள்ளது. தாயைப் போற்று என்னும் கட்டளையைத் தாய்மொழியிற் பொறித்துவிட்டார்கள். அதைப் படித்தறியத்தான் அவ்வூரில் ஆள் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் கார்னுவாலின் செம்பு, வெள்ளீயச் சுரங்கத் தொழில் நலிந்தது. சுரங்கத் தொழிலாளர் கடல்கடந்து தென் ஆத்திரேலியா, மெக்சிகோ, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா எனப் பரவினர். 1880களில் கோலார் தங்கவயலுக்கும் வந்தனர். அங்குப் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்க்கு மேலாளராயும் கண்காணிகளாயும் இருந்தோருள் கார்னியர் பலர். ‘திரே’, ‘பென்’ என்று தொடங்கும் பெயர்கள் 2001இல் மூடப்பட்ட அச் சுரங்கங்களின் ஆழத்திலும் ஒருகாலத்தில் ஒலித்தன. கேட்ட தமிழனுக்கு அவை வெள்ளைக்காரன் பெயர்கள். சொன்ன கார்னியனுக்கோ? அவனுக்கும் அவற்றின் பொருள் தெரியாது. பெயர் ஞாலம் சுற்றியது. பொருள் மவுசலிலேயே புதைந்தது.

பொருள் மறந்த பெயருக்கு என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கார்னுவாலின் மிக உயர்ந்த குன்றுக்கு ‘பிரௌன் வில்லி’ என்று பெயர். ஆங்கிலச் செவிக்கு அது யாரோ ஓர் ஆளின் பெயர் போல் ஒலிக்கும். உண்மையில் அது ‘பிரோன் வென்னிலி’. தகைவிலான் குருவிகளின் குன்று என்பது பொருள். குருவிகள் பறந்து போயின. எவனோ ஒரு வில்லி எஞ்சினான்!

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. 1870களில்கூட, அக் கரையில் சில முதிய மீனவர்கள் கார்னிய எண்ணுப்பெயர்களை நினைவில் வைத்திருந்தனர். அத்தகைய எச்சங்களைத் தேடித் திரட்டியவருள் ஒருவர் என்றி செனர். அவர் 1904இல் கார்னிய மொழிக் கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். அவருக்குப்பின் இராபர்ட்டு மார்ட்டன் நான்சு என்பார் 1938இல் கார்னிய அகரமுதலி வெளியிட்டார். ‘நான்சு’ என்னும் அவர் குடிப்பெயரே கார்னியச் சொல்தான். பள்ளத்தாக்கு என்பது பொருள். தம் பெயரின் பொருளைத் தாமே மீட்டவர் அவர்! பழைய நாடகங்கள், லூயிடு எழுதி வைத்தவை, இடப்பெயர்கள், குடிப்பெயர்கள் ஆகியவற்றிலிருந்து சொற்களைத் திரட்டி, உடன்பிறந்த மொழிகளின் துணையால் குறையை நிரப்பி, அம்மொழியை மீண்டும் எழுப்பினர். 2002இல் பிரித்தானிய அரசு அதனைச் சிறுபான்மை மொழியாக ஏற்றது. 2008இல் பொது எழுத்துமுறை ஒன்று வகுக்கப்பெற்றது. அழிந்த மொழி என்றிருந்த தன் குறிப்பை யுனெசுகோ 2010இல் மாற்றிக்கொண்டது. 2011ஆம் ஆண்டின் மக்கட்டொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலுமாக 557 பேர் கார்னியமே தம் முதன்மை மொழி என்று பதிந்தனர்.

ஐந்நூற்று ஐம்பத்தேழு பேர்! நூறாண்டு காலத் தளராத உழைப்பின் விளைவு இது. அவ் உழைப்பை நான் தலைவணங்கிப் போற்றுகின்றேன். ஆனால், ஒரு தாய் தன் பிள்ளையிடம் அடுப்பங்கரையில் இருந்தபடியே செலவின்றிச் செய்திருக்கக் கூடிய ஒன்றை, நூல்களையும் கழகங்களையும் சட்டங்களையும் கொண்டு மீண்டும் செய்ய எத்துணைப் பாடு என்பதையும் எண்ணிப் பார்க்கின்றேன்.

பெயர் மொழியைக் காக்கும் என்று சிலர் நம்புகின்றனர். பிள்ளைக்குத் தாய்மொழியிற் பெயர் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று அமைகின்றனர். பெயர் வைப்பது நன்று, மிக நன்று. மொழி வீழ்ந்த பின்னும் அதன் எலும்பைப் பேணி வைத்தது பெயரே. மீட்சிக்குத் துணைநின்றதும் பெயரே. ஆனால், எலும்பு உடம்பாகாது. பெந்திரீத்து என்னும் பெயர் எத்தனையோ தலைமுறையாக எழுத்துப் பிழையாமல் பதிவேடுகளில் இருந்தது. அதனால் ஒரு பிள்ளைக்கும் கார்னியம் வரவில்லை. நாவில் இருக்கும்வரைதான் மொழி. பெயரில் மட்டும் இருப்பது மொழியின் நடுகல்.

ஆதலால், எம்மொழி பேசுவாராயினும், தம் பிள்ளை தன் பெயரின் பொருளைத் தன் மொழியிலேயே சொல்லுமா என்று வீடுதோறும் கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லுமாயின் அம்மொழி வாழும். சொல்லாதாயின், அவ்வீட்டுத் தெருவிலும் தோரதியின் எதிர்வீட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கின்றார்கள் என்று பொருள்.